மலைமேல் காய்ந்த துணி

வடக்கே பனிமலையில் இருக்கிற முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பெரியம்மா சொன்னதும், கூடப் போவது யார் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு வந்தது. மருமகளுக்குக் குழந்தைகளின் பரீட்சை. மகள்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் பெரியம்மாவே என்னைக் கை காட்டினார். “அவ வரட்டும். அவதான் தொணதொணக்க மாட்டா” என்றார். நான் புறக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

பெரியம்மா எனக்கு உறவில்லை. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி முதலாளியின் தாயார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகித் திருப்பூர் வந்த புதிதில் கம்பெனி என்பது ஓர் ஓட்டுக் கொட்டகையும், பின்னால் ஒரு சலவைப்பட்டறையும், ஆற்றோரம் துணி காயப்போடுகிற காடும்தான். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த இடமில்லை, மேட்டு நிலம். அதில் கம்பு நட்டுக் கயிறு கட்டி, பனியன் துணியை நீளநீளமாகத் தொங்க விட்டிருப்போம். பெரியம்மாவும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு எங்களோடுதான் நிற்பார். பிறகு மாடி வீடு வந்தது, கார் வந்தது, சாயப்பட்டறை வந்தது. துணி உலர்த்துவதற்கு மெஷினும் வந்துவிடவே என்னை வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. காற்று திரும்பி மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால், யார் துணி என்று பார்க்கக் கூடாது. பக்கத்துப் பட்டறைத் துணியாக இருந்தாலும் ஓடிப்போய் எடுக்க வேண்டும். சாயத்துணியில் தூறல் விழுந்தால் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ஓடி வந்து கை கொடுப்பார்கள். எடுத்த துணி தரையில் படக் கூடாது. தோளில் போட்டு, முனைக்கு முனை சேர்த்து மடித்து, மேடாக ஓரிடம் பார்த்து வைக்க வேண்டும். என்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவளின் துணியையும் நான் அப்படி எடுத்திருக்கிறேன். மழை விட்ட பிறகு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

பெரியம்மா அவ்வளவு தூரம் போக நினைத்தது ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர் பிறந்த ஊர் ஆறு போகிற வழியில் கீழே இருக்கிறது. அங்கே அவருடைய தம்பி விவசாயம் பார்த்தார். சாயப்பட்டறைகள் பெருகப் பெருக, ஆற்றில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் தண்ணீர் போனது. கீழே அவருடைய தோப்பில் தென்னை குரும்பை உதிர்த்தது. பிறகு கிணறும் நிறம் மாறியது. ஒரு நாள் அந்தத் தம்பி தூக்குப்போசி நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. ஆற்றில் எத்தனையோ பட்டறைத் தண்ணீர் கலக்கிறது, நம்முடையது மட்டுமா என்று முதலாளி சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு அது போதவில்லை. சாப்பாடு குறைந்தது. கோயில் பட்டர் ஒருவர், முக்திநாத்தில் கோயிலைச் சுற்றி விழுகிற நூற்றெட்டு நீர்த்தாரையிலும் தலை நனைத்தால் எந்தப் பாவமும் போய்விடும் என்று ஒரு நாள் சொன்னார். பெரியம்மா அதையே பிடித்துக்கொண்டார். மகன் உடனே டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அது அவருக்கும் ஒரு நிம்மதியாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, சித்திரை மாதம். துணைக்குக் கம்பெனிக் கணக்கரும் வந்தார். ரயிலும் பஸ்ஸுமாகப் போக்ரா வரைக்கும் அவர்தான் எங்களைக் கூட்டிப் போனார். அங்கே மலைக்கு மேலே போகிற விமானத்தைப் பார்த்தார். டெம்போவுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது. கிளம்புகிற காலையில் தனக்கு வயிறு சரியில்லை என்றும், இங்கேயே இருந்து மூட்டைகளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மூட்டையெல்லாம் எங்ககூடத்தானப்பா வருது” என்றார். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

அதனால் ஜோம்சோமில் இறங்கியது நாங்கள் இரண்டு பேர்தான். வழிகாட்டி அங்கே காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், புத்தரைக் கும்பிடுகிற மலைக்காரர், இந்தி பேசுவார். பெரியம்மாவுக்கு இந்தி தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பனியன் கடைத்தெருவான காதர்பேட்டைக்கு வந்த வடக்கத்தி வியாபாரிகளிடம் பேரம் பேசிப் பழகிய இந்தி. அதில் பெருமாளைப் பற்றிக் கேட்டாலும் விலை கேட்கிற மாதிரிதான் இருக்கும். எனக்கு அதுவும் தெரியாது. இரண்டு பேரும் சேலைக்கு மேலே, ஆர்டரில் கழித்துத் திருப்பி அனுப்பிய, தொப்பி வைத்த பனியனைப் போட்டுக்கொண்டு நின்றோம். நெஞ்சில் என்னவோ வெளிநாட்டு எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அங்கே மலை என்றால் நான் நினைத்த மாதிரிப் பச்சையாக இல்லை. கீழே எல்லாம் எங்கள் மேட்டுக்காடு மாதிரி வறண்ட மண், கல், முள்ளுச்செடி. அண்ணாந்து பார்த்தால்தான் வெள்ளை. எங்கள் பட்டறையில் எத்தனை தடவை வெளுத்தாலும் வராத வெள்ளை. வழிகாட்டி தலைக்கு மேலே நின்ற பனிமலையைக் காட்டி, அதன் பெயர் நீலகிரி என்றார். பெரியம்மா நின்றுவிட்டார். “நம்மூட்டுப் பக்கத்துல இருக்கறது இங்கயும் வந்துருச்சா. உன்னயாட்டவே எங்க போனாலும் பின்னாலயே வருது பாரு” என்று என்னைச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தப் பயணத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

ஆற்றுப்படுகையிலேயே நடந்தோம். அகலமான ஆறு. தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் போகிறது, மற்றதெல்லாம் கூழாங்கல். பத்து மணிக்கு மேல் காற்று பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. வழிகாட்டி அடிக்கடி பின்னால் திரும்பி, மெதுவாக வரச்சொல்லிக் கையால் அமர்த்துவார். உயரத்துக்குப் போகப் போக மூச்சு குறையும், தலை வலித்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், சொல்லாமல் ஏறியவர்கள் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது கடைசிப் பகுதியை விட்டுவிட்டார். ஆனால் வழிகாட்டி தன் கழுத்தில் கையை வைத்து இழுத்துக் காட்டியதை நான் பார்த்திருந்தேன்.

காக்பேனி என்ற ஊரில் தங்கினோம். மண் சுவர் வீடுகள், கூரை விளிம்பெல்லாம் விறகு அடுக்கியிருக்கிறது. சந்தில் ஒரு சுவர் நெடுக உருளைகள் வரிசையாக நின்றன. உள்ளே மந்திரம் எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறதாம், கையால் உருட்டிவிட்டுப் போனால் மந்திரம் சொன்ன பலன். எல்லாவற்றையும் வலப்பக்கம் வைத்தே சுற்ற வேண்டும் என்றார் வழிகாட்டி. நம் கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரிதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்த உருளைகள் ரொம்பப் பிடித்துப்போயின. படிக்காமலே படித்ததாக எடுத்துக்கொள்கிற சாமி. யாரும் பார்க்காதபோது இன்னொரு முறை போய் உருட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பெரியம்மாவுக்கு ஒரு மட்டக்குதிரை பிடித்தார்கள். நான் நடந்தேன். வழியில் வழிகாட்டி, மேலே பெருமாள் கோயிலைப் பார்த்துக்கொள்வது மொட்டையடித்த பௌத்தப் பெண் துறவிகள்தான் என்றார். இரண்டு மதத்துக்காரர்களும் ஒரே விக்கிரகத்தை அவரவர் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்றார். பெரியம்மா குதிரை மேலிருந்து, “சண்டையில்லாம ஓட்டறாங்க பாரு” என்றார்.

மத்தியானம் ஜார்கோட் போய்ச் சேர்ந்தோம். மேட்டு விளிம்பில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பார்த்தால் மேலே ஒரு சுவரும், நெட்டையாகச் சில மரங்களும் தெரிந்தன. அதுதான் முக்திநாத், காலையில் ஒரு நடை என்றார் வழிகாட்டி. பெரியம்மா குதிரையை விட்டு இறங்கிக் கை கூப்பினார். சத்தமில்லாமல் அழுதார்.

ஊரின் மடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த ஒரு ஸ்தூபி. அதிலிருந்து பக்கத்துக் கூரைகளுக்கும் கம்பங்களுக்கும் கயிறு கட்டி, நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கைக்குட்டை அளவுத் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் எழுத்து அச்சடித்திருந்தது. பெரியம்மா போய் ஒரு சிவப்புத் துணியை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரல் சிவந்தது. “கலர் நிக்கல. யாரு போட்டாங்களோ” என்றார்.

வழிகாட்டி தங்குகிற இடத்தைப் பார்க்க உள்ளே போயிருந்தார். அப்போது காற்று சட்டென்று நின்றது. ஒரு நொடி எதுவும் அசையவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்ந்து அடித்தது. மழை நெடி. முகத்தில் ஒரு துளி விழுந்தது.

நான் ஒரு பக்கம் ஓடினேன், பெரியம்மா இன்னொரு பக்கம் ஓடினார். கம்பத்திலிருந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றோடு இழுத்து, தோளில் போட்டு, முனைக்கு முனை சேர்த்து, மடித்து, அங்கே இருந்த கல் மேடையின் மேல் வைத்து, அடுத்த கயிறு. “அந்தப் பக்கம் இருக்குது பாரு, வெள்ளைய மொதல்ல எடு” என்று பெரியம்மா கத்தினார். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். காட்டில் ஓடியது மாதிரி ஓடினார். என் கை பாட்டுக்கு வேலை செய்தது. எந்த ஊரில் நிற்கிறோம் என்றே எனக்கு நினைப்பில்லை. தூறல் பனியாக மாறி விழ ஆரம்பித்ததும்கூட, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு வயதான பெண் துறவி. அவர் சிரிக்கவில்லை. நேராகக் கல் மேடைக்குப் போய், நாங்கள் மடித்து வைத்ததை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார்.

வழிகாட்டி சொன்னதைப் பெரியம்மா மூச்சு வாங்க வாங்க எனக்குச் சொன்னார். அது காயப்போட்ட துணி இல்லை. துணியில் இருப்பது வேண்டுதல். அவர்களுக்காக மட்டுமில்லை, எல்லா உயிருக்குமாக எழுதியது. காற்று அதை எடுத்துக்கொண்டு போகிறது. மழையில் நனைய வேண்டும், வெயிலில் வெளுக்க வேண்டும், கிழிந்து நூலாகிப் போக வேண்டும். அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று, அது தரையில் படக் கூடாது. அந்தத் துறவி பார்த்தது அதைத்தான். மண் பட்டிருக்கிறதா என்று.

ஒன்றிலும் படவில்லை. எங்கள் கையிலிருந்து துணி தரையில் விழாது. துறவி எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். பனி விழ விழ, எல்லோரும் சேர்ந்து மறுபடியும் கட்டினோம்.

“நெறம் போனாத்தான் வேண்டுதல் போயிச் சேந்துதுன்னு அர்த்தமாம்” என்றார் பெரியம்மா. “நம்ம பொழப்புக்கு நேர் எதிரா இருக்குது.” சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது.

அந்த ஓட்டம்தான் அவரைச் சாய்த்தது. சாயங்காலமே தலை வலி. அடுப்படிக்குப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வழிகாட்டி வழக்கம்போல் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். பெரியம்மா ஒன்றுமில்லை என்று கையை வீசினார். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அறைக்கு வந்து வாந்தி எடுத்தார். நான் கழுவிவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அந்தாளுகிட்டச் சொல்லிப்போடாதே அம்மிணி. இவ்வளவு தூரம் வந்துட்டேன். காலையில ஒரு நடைதான். தண்ணி தலைல பட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். நான் எப்போதும் தலையை ஆட்டுகிறவள்தான்.

விடிகிற நேரத்தில் அவர் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தார். தலைவலி விட்டுவிட்டது, கிளம்பு என்றார். தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிக்கிறார், முனை சேரவில்லை. பிரித்து மறுபடியும் மடிக்கிறார். ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே. எது முனை என்றே கைக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை சுருட்டி வைத்துவிட்டு, மடித்தாயிற்று என்பது மாதிரி என்னைப் பார்த்தார். இருட்டிலும் துணியை விளிம்பு பிசகாமல் மடிக்கிற கை அது.

அறையை விட்டு வெளியே வந்தேன். வழிகாட்டி அடுப்படியில் வீட்டுக்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். சொன்னால் பெரியம்மாவின் யாத்திரை வீணாகிவிடும். அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். திருப்பூர் போனால் வேலை இருக்குமா என்றும் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, தேநீர் வேண்டுமா என்று கிண்ணத்தைக் காட்டினாள்.

“அவிங்களுக்கு முடியலீங்க” என்றேன். “மேல வேண்டாமுங்க. கீழ கூட்டிட்டுப் போயிரலாமுங்க.”

எல்லாம் தமிழ். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் வந்ததிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசாத பெண் பேசுகிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அறைக்குள் போய்ப் பெரியம்மாவை ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கக் குதிரை வந்தது. பெரியம்மா ஏறுவதற்கு முன்னால் மேலே இருந்த சுவரையும் மரங்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஊமையின்னு நெனச்சுத்தான் புள்ள உன்னயக் கூட்டியாந்தேன்” என்றார். நான் குதிரைக்குப் பின்னால் நடந்தேன். வேண்டுதல் துணிகளைக் கடந்தபோது அவர் திரும்பிப் பார்த்தார். இரவில் நனைந்தவை வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

இறங்க இறங்க அவர் முதுகு நிமிர்ந்தது. காக்பேனி வந்து, சூடாகச் சோறும் பருப்பும் சாப்பிட்டு, பின்மதியத்தில் தானாகவே எழுந்து வெளியே வந்தார். ஊரை ஒட்டி ஓர் ஓடை ஓடி வந்து பெரிய ஆற்றில் சேருகிறது. இரண்டு பக்கமும் பார்லி வயல், பச்சைப்பசேல் என்று. அங்கே உட்கார்ந்தோம். வழிகாட்டிக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஓடையையும் மேலே மலையையும் தன் தலையையும் மாறி மாறிக் காட்டி, இது முக்திநாத்திலிருந்துதான் வருகிறது, நூற்றெட்டுத் தாரைத் தண்ணீரும் இதில்தான் வந்து சேருகிறது, இங்கேயே தலையில் தெளித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பெரியம்மா குனிந்து கையில் அள்ளினார். உள்ளங்கை ரேகை தெரிகிற தண்ணீர். வழியில் நாம் தங்கின ஊர் இருக்கிறதே, அந்த ஜனங்கள் இதில்தானே புழங்குகிறார்கள், அப்புறம் எப்படி இப்படித் தெளிவாக வருகிறது என்று மேலேயும் தண்ணீரையும் காட்டிக் கேட்டார். வழிகாட்டிக்குக் கேள்வியே விளங்கவில்லை. திரும்பவும் கேட்டதும், கையைக் கீழ்ப்பக்கம் நீட்டி, கீழே ஊர் இருக்கிறதே என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

கையில் இருந்ததை அவர் தலையில் தெளித்துக்கொள்ளவில்லை. விரல் இடுக்கு வழியாக ஓடைக்கே விட்டார்.

“இதுல குளிச்சு நான் என்ன பண்றது?” என்றார். “நான் குளிக்க வேண்டிய தண்ணி இதில்ல.”

குதிரை ஏறியதிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. போக்ராவில் கணக்கர் தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்டபோது, பெரியம்மா மூட்டையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்குக் கார் வந்திருந்தது. கணக்கரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெரியம்மா டிரைவரிடம் தம்பியின் ஊருக்கு விடச்சொன்னார். நாங்கள் போனபோது அந்தத் தம்பி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தும் நிமிரவில்லை. பெரியம்மா வீட்டுக்குள் போகாமல் கிணற்றடிக்குப் போனார். சேந்து கயிற்றைப் பிடித்து, தானே வாளியை இறக்கி இழுத்தார். தண்ணீர் பழுப்பும் சிவப்புமாக, மேலே லேசாக நுரையோடு வந்தது. அதைத் தலையில் ஊற்றிக்கொண்டார். மறுபடியும் இறக்கினார். வெள்ளைச் சேலை நிறம் மாறிக்கொண்டே வந்தது. நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டார்.

எத்தனை வாளி என்று எனக்குத் தெரியாது. மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தம்பி வந்து கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினார்.

“போதும்க்கா. சளி புடிச்சுக்கும். உள்ள வா.”

அவர் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தார். விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரில் போட்ட காப்பி. பெரியம்மா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தார். யாரும் எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை.

அதனால் சாயப்பட்டறை நின்றுவிடவில்லை. ஆறும் தெளிந்துவிடவில்லை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே பேச்சு குறைந்தது. தம்பி மட்டும் பெரியம்மா பேரனின் காதுகுத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். வருகிறவர்கள் முக்திநாத்தைப் பற்றிக் கேட்டால், பெரியம்மா என்னைக் காட்டி, “இவ வாயத் தொறந்தா, எதுக்க நிக்கற பெருமாளும் எட்டப் போயிருவாரு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன். வேலையை விட்டு மட்டும் அவர் கடைசி வரை என்னை நிறுத்தவில்லை.

அன்று கிணற்றடியில் சேலையில் ஏறிய நிறம் போகவே இல்லை. பட்டறையில் கொடுத்து வெளுத்து வரலாம் என்று மருமகள் சொன்னதற்குப் பெரியம்மா கூடாது என்றுவிட்டார். வீட்டில் இருக்கும்போது அதைத்தான் கட்டுவார். ஒரு நாள் மாடியில் அது காய்ந்துகொண்டிருந்தபோது காற்று திரும்பியது. நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினேன். கொடியில் கை வைத்தபோது கீழே முற்றத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார்.

“அத உட்டுரு அம்மிணி. நனையட்டும்.”

மற்றத் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.